ஆறு வாரம் ரொட்டி சானாய் சாப்பிடச் சொல்கிறார் டாக்டர்

கேள்வி: எனக்கு வயது 34. மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் பிறையில் குடியிருக்கிறோம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மூன்று வருடமாக ரத்தம் குறைவென்று இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன், ஏறுவேனா என்கிறது. வயிறு உப்பிக்கொள்ளும், சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல். வாய்ப்புண் ஆறினால் அடுத்தது வந்துவிடும். பெரியம்மா மகள் சொன்னாளென்று இரண்டு மாதமாகக் கோதுமையைத் தொடவில்லை. உடம்பு இப்போது எவ்வளவோ தேவலை. அதற்குப் பிறகு, கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்காக எடுத்த ரத்தப் பரிசோதனை 'நார்மல்' என்று வந்தது. ஆனால் ஸ்பெஷலிஸ்ட், ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வாருங்கள், மறுபடி ரத்தம் எடுத்து, வாய்வழியே குழாய் விட்டுக் குடலையும் பார்ப்போம் என்கிறார். நல்லா இருக்கும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளவா? "சோறு திங்கிற நமக்கு ஏது கோதுமை நோய்?" என்கிறார் மாமியார். நல்ல நாளில் கொஞ்சம் சாப்பிட்டால் என்ன ஆகும்? ஏழு வயது மகளுக்கும் கோதுமையை நிறுத்தட்டுமா? இன்னொன்று: மாமியார் வைக்கும் ரசம் குடித்தால் மட்டும் இப்போதும் வயிறு புரட்டுகிறது. ரசத்தில் கோதுமை ஏது?
வாசகி, பிறை

பதில்: சகோதரி, உங்கள் டாக்டர் சொல்வதுதான் சரி. சாப்பிடுங்கள். கோதுமையை விடச் சொல்லியே பிழைப்பு நடத்தும் உணவியல் ஆலோசகர் நான். நானே இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

பல வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், உங்களைப் போலவே ஓர் ஆசிரியை வந்தார். "முதலில் கோதுமையை நிறுத்துங்கள், டெஸ்ட்டை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். அவருக்கு நன்றாகத்தான் ஆனது. நான்கு மாதம் கழித்து எடுத்த ரத்தத்தில் ஒன்றும் இல்லை. குடலிலும் தெளிவாக எதுவும் தெரியவில்லை. மறுபடி கோதுமை சாப்பிட அவருக்குத் தைரியம் வரவில்லை. தனக்கு சீலியாக் இருக்கிறதா இல்லையா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. கல்யாண வீட்டுக்கும் டிபன் கேரியரோடு போகிறார், அது தேவைதானா என்று தெரியாமலே. தப்பு என்னுடையது. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு முதலில் பதில் எழுத உட்கார்ந்தேன்.

சீலியாக், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்கும் நோய். தூண்டிவிடுவது குளூட்டன்: கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களில் இருக்கும் புரதம். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய்க்கு மாவை வீசி வீசி விரிக்கும்போது கிழியாமல் இழுத்துக்கொடுக்கிறதே, அந்த இழுவைதான் குளூட்டன். சிறுகுடலின் உள்பக்கம் தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி இருக்கும். அந்தச் சின்னச் சின்ன நூல் முனைகள்தான் சத்தை உறிஞ்சுகின்றன. சீலியாக்கில் அவை தேய்ந்து, துண்டு வெறும் வேட்டித் துணி மாதிரி வழவழவென்று ஆகிவிடும். இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். அடி முதலில் விழுவதும் அங்கேதான். மூன்று வருடம் மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஏறாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

'இருக்கலாம்' என்று நிறுத்துகிறேன். உங்கள் ஃபெரிட்டின் அளவு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. உடம்பில் இரும்பு சேமிப்பு எவ்வளவு என்று காட்டுவது அதுதான். அது குறையாமல் ஹீமோகுளோபின் மட்டும் குறைந்திருந்தால் பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவின் கூறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் அது அரிதல்ல, அதற்கு இரும்பு மாத்திரை உதவாது. மாதவிலக்கில் அதிகம் போகிறதா என்பதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

இப்போது அந்த 'நார்மல்' ரிப்போர்ட். சீலியாக்குக்கு எடுக்கும் டிடிஜி ஐஜிஏ பரிசோதனை தேடுவது, குளூட்டன் உள்ளே போகும்போது உடம்பு தயாரிக்கும் ஒரு எதிர்ப்பொருளை. நெருப்பில்லாமல் புகையாது. நீங்கள் அடுப்பை அணைத்து இரண்டு மாதம் கழித்துப் புகை தேடியிருக்கிறீர்கள். அளவு மிக அதிகமாக ஏறியிருந்தவர்களுக்கு இறங்க ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். லேசாக ஏறியிருந்தால் சில வாரத்திலேயே நார்மலாகிவிடும். ஆகவே உங்கள் ரிப்போர்ட் 'இல்லை' என்றும் சொல்லவில்லை, 'இருக்கிறது' என்றும் சொல்லவில்லை. அதோடு 'டோட்டல் ஐஜிஏ' எடுத்தார்களா என்று பாருங்கள். சீலியாக் உள்ளவர்களில் 100 பேருக்கு இரண்டு மூன்று பேரின் உடம்பில் ஐஜிஏ என்ற அந்த வகை எதிர்ப்பொருளே உற்பத்தியாவதில்லை. அவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ எப்போது எடுத்தாலும் நார்மலாகத்தான் வரும். வேறு வகைப் பரிசோதனை வேண்டும்.

கோதுமையை விட்டதும் உடம்பு தேறியதே, அது போதாதா என்று கேட்பீர்கள். போதாது. கோதுமையில் குளூட்டன் மட்டும் இல்லை. ஃபிரக்டான் என்ற மாவுச்சத்தும் இருக்கிறது. குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு வயிற்றை உப்ப வைப்பதில் அது பேர்போனது. காலை பத்து மணிக்கு ரொட்டி சானாயை விட்டவர் கூடவே தே தாரிக் என்ற பால் தேநீரையும் விட்டிருப்பார். பாலும் எண்ணெயும் குறைந்ததால் வந்த சுகமாகவும் இருக்கலாம். குடல் எரிச்சல் என்றால் கொஞ்சம் குறைத்தாலே போதும், ஒரு துண்டு ரொட்டியால் ஒன்றும் குடிமுழுகாது. சீலியாக் என்றால் வாழ்நாள் முழுக்க, துளியும் கூடாது. இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது எதுவென்று தெரியாமல் எப்படி இருப்பது?

சாப்பிடத் தொடங்கும் முன் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: "எச்எல்ஏ டிகியூ2, டிகியூ8 மரபணுப் பரிசோதனை முதலில் எடுக்கலாமா?" சீலியாக் வருவதற்கு இந்த இரண்டில் ஒன்றாவது வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சீலியாக் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆறு வார அவஸ்தை மிச்சம். சாப்பாட்டை மாற்றினாலும் இந்த முடிவு மாறாது. இருந்துவிட்டால் பயப்பட வேண்டாம். மூன்று பேரில் ஒருவருக்கு இந்த மரபணு இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. எல்லா இடத்திலும் எடுப்பதில்லை, செலவும் கூட. ஆனாலும் உங்கள் விஷயத்தில் கேட்டுப் பார்ப்பதில் நியாயம் உண்டு.

சாப்பிடுவது என்று முடிவானால், ரொட்டி சானாயேதான் வேண்டும் என்பதில்லை. தினமும் 3 முதல் 10 கிராம் குளூட்டன் உள்ளே போக வேண்டும், அவ்வளவே. கடை ரொட்டி இரண்டு துண்டில் ஏறக்குறைய 4 கிராம் வரும். காலையில் ஒரு துண்டு, இரவு ஒரு சப்பாத்தி என்று பிரித்துக்கொண்டால் வயிறு தாங்கும். முதல் நாலைந்து நாள் பாதி அளவு, பிறகு முழு அளவு. இரவு ஷிப்ட் வாரத்தில் தொடங்காதீர்கள். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்கு முயன்றுகொண்டிருந்தாலோ முதலில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்போது இதைத் தள்ளிவைப்பார்கள். வாந்தி, பேதி தாங்க முடியாமல் போனால் நீங்களாக நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். போன் செய்து சொல்லுங்கள், பரிசோதனையை முன்னால் இழுத்துக்கொள்வார்கள். இரண்டு வாரம் சாப்பிட்டிருந்தாலே சிலருக்குக் குடலில் மாற்றம் தெரியும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ரத்தத்தில் 'பாசிட்டிவ்' என்று வந்த அன்றே பலர் சந்தோஷத்தில் கோதுமையை நிறுத்திவிடுகிறார்கள். குழாய் விட்டுச் சதை எடுக்கும் நாள் வரை நிறுத்தக் கூடாது.

குழாய் விடுவது கேட்கப் பயமாக இருக்குமே தவிர, பத்துப் பதினைந்து நிமிட வேலை. வெறும் வயிற்றோடு போக வேண்டும், தூக்கம் வர ஊசி போடுவார்கள். திரும்பி வரும்போது நீங்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து அரிசி நொய் அளவில் ஐந்தாறு துணுக்குகள் எடுப்பார்கள். சேதம் திட்டுத் திட்டாக இருக்கும் என்பதால் ஒன்று போதாது. "எத்தனை சதை எடுப்பீர்கள் டாக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை.

மாமியார் சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வது முழுப் பொய்யுமல்ல. இந்தியாவில் 2016ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வடக்கே 100 பேருக்கு ஒருவருக்கு மேல் சீலியாக் இருந்தது. தெற்கே 1,000 பேருக்கு ஒருவர்தான். ஆனால் அந்த மரபணு வடக்கே 38 விழுக்காட்டினருக்கு என்றால் தெற்கே 36 விழுக்காட்டினருக்கு. ஏறக்குறைய ஒன்றேதான். வித்தியாசம் தட்டில் இருந்தது: வடக்கே ஒருவர் நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். இப்போது நம் கதையைப் பாருங்கள். தாத்தா பாட்டி தோட்டத்தில் கஞ்சியும் சோறும் சாப்பிட்டார்கள். நாம் காலையில் ரொட்டி சானாய், பத்து மணிக்கு பிஸ்கட், மத்தியானம் மீ (நூடுல்ஸ்), மாலையில் கறி பஃப், ராத்திரி 'டயட்' என்று சப்பாத்தி. மலேசியாவில் ஆரோக்கியமான இளைஞர்கள் 562 பேரின் ரத்தத்தைப் பார்த்து 2015ல் வெளியிட்ட ஆய்வில், 1.25 விழுக்காட்டினருக்கு சீலியாக்கின் எதிர்ப்பொருட்கள் இருந்தன. மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரிலும் இருந்தது. எதிர்ப்பொருள் இருப்பதே நோய் ஆகிவிடாது. ஆனால் 'நமக்கு வராது' என்று சொல்ல முடியாது.

புது நோயும் அல்ல. 1888லேயே லண்டனில் சாமுவேல் கீ என்ற டாக்டர், இந்த நோய் தீர்ந்தால் அது உணவால்தான் தீரும் என்று எழுதிவிட்டார். எந்த உணவு என்றுதான் தெரியவில்லை. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் 1930களிலேயே கோதுமையைச் சந்தேகித்தார். 1944-45 குளிர்காலத்தில் போரினால் அங்கே ரொட்டிக்கே பஞ்சம். ஊரே பட்டினியில் வாட, அவருடைய சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். கோதுமை கெடுக்கிறது, அரிசி கெடுக்கவில்லை என்று பிறகு அவர் நிரூபித்தார். ஆக மாமியார் நம்பும் சோறுதான் இதற்கு மருந்து. இதை அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

சீலியாக் என்று உறுதியானால் சாப்பாட்டில் என்ன மாறும்? மேல்நாட்டுக்காரர்களைவிட நம் பாடு பாதி சுலபம். சோறு, இட்லி, இடியாப்பம், புட்டு, கேழ்வரகுக் களி, கம்பு, உளுந்து, கடலைப் பருப்பு, சவ்வரிசிப் பாயசம் எல்லாம் இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை. சூப்பர்மார்க்கெட்டில் கொள்ளை விலைக்கு விற்கும் 'குளூட்டன் இல்லாத' ரொட்டியை நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. காசைக் கொடுத்து மரத்தூளைத் தின்ற மாதிரி இருக்கும். பூலுட் அரிசிக்கு ஆங்கிலத்தில் வைத்த 'குளூட்டினஸ் ரைஸ்' என்ற பெயரைப் பார்த்துப் பலர் ஓடுகிறார்கள். அது வெறும் ஒட்டும் அரிசி, குளூட்டன் கிடையாது.

சிக்கல் மறைந்து வருவதில்தான். உடம்பு சூடு என்று குடிக்கிறோமே பார்லித் தண்ணீர், அது கூடாது. மைலோவிலும் ஹார்லிக்ஸிலும் மால்ட் இருக்கிறது. மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. சோயா சாஸான கிச்சாப்பில் பெரும்பாலும் கோதுமை சேரும். அதனால்தான் அரிசி நூடுல்ஸில் செய்த சார் குவே தியாவும் தப்பாது. பக்கத்துச் சட்டியில் மீ வேகிறது என்பது வேறு. பசெம்பூரில் பாதி மாவுப் பலகாரம். நாசி கண்டாரில் சோறு சரி, மீன் குழம்பு கேட்டு வாங்கலாம், பொரித்த கோழியை விட்டுவிடுங்கள். மாவில் புரட்டியிருப்பார்கள், எண்ணெயும் பொது. அப்பத்து மாவில் கோதுமை மாவு கலக்கும் கடைகளும் உண்டு, கேளுங்கள். மாமாக் கடைத் தோசைதான் என்னிடம் அதிகம் பேர் ஏமாந்து வரும் இடம். மாவு அரிசியும் உளுந்தும்தான், சந்தேகமில்லை. ஆனால் கல்? ஒரு நாள் காலையில் கடையோரம் நின்று பாருங்கள். ரொட்டி சானாய் புரட்டிய அதே கல்லில், அதே கரண்டியால், மாவுத்தூள் ஒட்டிய அதே கையால் உங்கள் தோசை வார்க்கப்படும்.

வீட்டில் தோசைக்கல்லை உங்களுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கல்லை நாம் சோப்புப் போட்டுத் தேய்ப்பதில்லை அல்லவா. சப்பாத்திப் பலகை, குழவி, வடிகூடை, பொரித்த எண்ணெய் இவை ஜாக்கிரதை. எவர்சில்வர் பாத்திரம், தட்டு, கரண்டியை நன்றாகக் கழுவினாலே போதும், புதுக் குடித்தனம் வைக்க வேண்டியதில்லை. தீபாவளி முறுக்குக்கு மாவு மில்லுக்குக் கொடுத்தால், உங்களுக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்தார்களா என்று கேளுங்கள். நெய் உருண்டை பாசிப்பயறு என்பதால் பயமில்லை. கோயில் கேசரி ரவை, அது கோதுமைதான். பஞ்சாமிர்தம் வாங்கிக்கொள்ளுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

பாக்கெட் வாங்கும்போது முன்பக்கப் படத்தை நம்பாமல் பின்னால் பாருங்கள். குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் நம் நாட்டு உணவுச் சட்டப்படி அதைக் குறிப்பிட வேண்டும். மலாயில் 'காண்டும்' என்றால் கோதுமை, 'தெப்புங் காண்டும்' கோதுமை மாவு; 'பார்லி', 'மால்ட்' என்ற சொற்களையும் தேடுங்கள். 'குளூட்டன் இல்லாதது' என்று போட அனைத்துலக அளவு, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது.

நல்ல நாளில் கொஞ்சம்? உறுதியானால், கூடாது. தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் போனாலே குடல் மறுபடி தேயும் என்று பார்த்திருக்கிறார்கள். ஒரு ரொட்டித் துண்டை நாற்பதாகப் பிய்த்தால் அதில் ஒரு பங்கு அது. வயிறு ஒன்றும் செய்யவில்லை என்பது அத்தாட்சி அல்ல. சிலருக்கு வயிறு வாயே திறக்காது, எலும்பு தேய்ந்துகொண்டிருக்கும். ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் டிடிஜி மறுபடி எடுப்பார்கள். ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, தைராய்டு இவற்றையும் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். குடல் தேறியதும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மகளுக்கு இப்போது எதையும் நிறுத்தாதீர்கள். உங்களுக்கு சீலியாக் என்று உறுதியானால், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், பெற்றோர் இவர்களில் பத்தில் ஒருவருக்கு வரை அது வர வாய்ப்புண்டு. அப்போது அவளுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கலாம், அவள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே. பிள்ளைகளில் டிடிஜி இயல்பு அளவைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருந்து, இரண்டாம் முறை எடுக்கும் ரத்தத்தில் இன்னொரு எதிர்ப்பொருளும் இருந்தால், குழாய் விடாமலேயே உறுதி செய்ய வழி உண்டு. பெரியவர்களுக்குப் பொதுவாகக் குழாய்தான்.

கடைசியாக ரசம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். புளியா மிளகா என்று தேடாமல் முதலில் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். என் வீட்டு டப்பாவில் எழுதியிருப்பது இந்த வரிசையில்: கோதுமை மாவு, கோந்து, பெருங்காயம். பெயர் கொண்டவர் மூன்றாவதாக நிற்கிறார். சுத்தப் பெருங்காயம் மிகக் காட்டம் என்பதால் மாவு சேர்த்துத்தான் விற்பார்கள். கட்டியிலும் தூளிலும் பெரும்பாலும் இதே கதை. சாம்பார், மோர்மிளகாய், ஊறுகாய், கடை முறுக்கு எல்லாவற்றிலும் அது நுழையும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் தேடினால் கிடைக்கும். இல்லையென்றால் பூண்டைக் கொஞ்சம் தாராளமாகத் தட்டிப் போடச் சொல்லுங்கள். ஆனால் ரசத்தில் போடும் சிட்டிகைக்கு இவ்வளவு புரட்டுமா, இல்லை அது மிளகின் வேலையா என்பதும் பரிசோதனைக்குப் பிறகுதான் தெரியும். அதுவரை மாமியாரிடம் டப்பாவை மாற்றச் சொல்ல வேண்டாம். இந்த ஆறு வாரமும் அவர் வைக்கிறபடியே வைக்கட்டும்.